விசிலுக்குப் பிறகு விழுந்த பந்து

1

வீடியோ ஒருவழியாக வந்து சேர்ந்தது. போட்டி நடந்தது போன கோடையில். டிவிடி கைக்குக் கிடைத்தது இந்தக் குளிர் முடிகிற நேரத்தில். லண்டனில் எங்கள் ஆட்களுக்கு வீடியோ எடுக்கிறவர்களின் கணக்கில் இது வேகம் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்குக் கலியாண வீடியோ வந்தபோது, அதைப் பார்த்துக் கைதட்டுகிற வயதில் அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது.

அந்த டிவிடிக்காக நான் வட லண்டன் எட்மண்டனுக்கு போன் எடுத்த அளவுக்கு என் சொந்த வேலைக்காகக்கூட யாருக்கும் எடுத்ததில்லை. வீடியோ செல்வம் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அண்ணை, எடிற்றிங் நடக்குது. வாற கிழமை தாறன்." ஒரு கூடைப்பந்துப் போட்டியில் எடிற் பண்ண என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது கடைசி விநாடிகள் மட்டும். அந்தப் பந்து கையை விட்டுப் போனது விசிலுக்கு முன்னா, பின்னா? பின்னால்தான். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் காட்டுவதற்குத்தான் டிவிடி தேவைப்பட்டது.

மற்றவர்கள் என்றால் முக்கியமாக ஒருவன். என் மகன் டெனிஸ். அந்தப் பந்தைப் போட்டவனே அவன்தான். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவது "ஓம்", "இல்லை" என்ற அளவில் நின்றுவிட்டது. ஏதாவது தேவையென்றால் தாய் மூலமாகக் கேட்கிறான். உண்மை கண்ணுக்கு முன்னால் ஓடினால் அவன் ஒப்புக்கொள்வான், வீடும் பழையபடி ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2

இது எனக்கு முதல் தோல்வி இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எதிர்க் கல்லூரிக்காரர்கள் பத்திரிகைக்குப் பதில் எழுதுவார்கள். பாதர்மார் நடத்திய பள்ளிக்கூடம், யாழ்ப்பாணத்தில், அவ்வளவு போதும். கிரிக்கெட் மாட்ச் என்றால் ஊரே திரண்டு வரும். சீமெந்துத் தரையில் நடக்கும் கூடைப்பந்துக்கு வருகிறவர்கள் பைத்தியங்கள் மட்டும். அரைக் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து நான் அந்தப் பைத்தியங்களில் ஒருவன்.

முதல் தோல்வியைச் சொல்கிறேன். இறுதிப் போட்டி எதிர்க் கல்லூரி மைதானத்தில். நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு. மேசையில் நேரம் பார்த்தவர் அந்தக் கல்லூரி ஆசிரியர், கழுத்தில் தொங்குகிற கடிகாரத்தோடு. விசில் ஊதியாயிற்று. எங்கள் கப்டன் இரண்டு கையையும் தூக்கியாயிற்று. அதற்குப் பிறகு அவர்களுடைய ஒரு பெடியன் பந்தை எறிகிறான், அது விழுகிறது. நடுவர் மேசையைப் பார்த்தார். மேசை தலையை ஆட்டியது. செல்லுமாம்!

எங்கள் கப்டன் நடுத் தரையில் இருந்துவிட்டார். பாதர் உள்ளே போய் அவரை எழுப்பி, கை குடுத்துவிட்டு வரச் சொன்னார். பாதருக்குப் பொறுமை என்பது தொழில். எனக்கு அது அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அந்த மேசைக்காரர் பிறகு எங்கேயோ ஒரு பள்ளிக்கூட அதிபராகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாளாவது அவருக்கு அந்தத் தலையாட்டல் நினைவுக்கு வந்திருக்குமா?

இரண்டாவது தோல்வியில் நானே வாங்கிலில், அந்த ஓரத்துப் பெஞ்சில் இருந்தேன், மாற்று ஆட்டக்காரனாக. கொழும்பில் போட்டி. மெயில் வண்டியில் இடம் கிடைக்காமல் அணி முழுவதும் நின்றுகொண்டே போய், காலையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனோம். அங்கே மரத்தரை. எங்களில் ஒருவனும் அதற்கு முன் மரத்தரையில் கால் வைத்தது கிடையாது. சீமெந்தில் ஓடித் தேய்ந்த சப்பாத்துகள் அதில் வழுக்கின. பந்து எழும்புகிற உயரமே வேறு. அடுத்த நாள் ஆங்கிலப் பத்திரிகை, வடக்கிலிருந்து வந்த அணிக்கு மூச்சு போதவில்லை என்று எழுதியது. எழுதியவர் ஒரு முறை அந்த வண்டியில் நின்றுகொண்டு வந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. அது விளையாடாமலே வந்த தோல்வி. நான் பள்ளி முடித்து, பழைய மாணவனாகப் போட்டி பார்க்கப் போக இருந்த ஆண்டு. அன்று காலையில் எங்கள் பக்கத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு. அணியில் பாதிப் பேர் மற்ற இளைஞர்களோடு ஒரு வெளியில் வெயிலில் குந்தியிருந்தார்கள். போட்டிக்கு வரவில்லை என்பதால் எதிரணி வென்றதாக அறிவித்துவிட்டார்கள். வேறொரு நாள் வைக்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த அணியில் இருந்தவர்களைப் பிறகு ஒன்றாகச் சேர்க்கவே முடியவில்லை. ஒருவன் கனடா, ஒருவன் பாரிஸ், இரண்டு பேர் இல்லை. வென்றவர்களின் பெயர் மட்டும் இன்னமும் கேடயத்தில் இருக்கிறது.

ஆகவே யாராவது என்னிடம் வந்து, "இது விளையாட்டுத்தானே" என்றால் எனக்குப் பொறுக்காது.

3

ஜெர்மனிக்கு வந்தேன், அங்கே கலியாணம் கட்டினேன், அங்கே டெனிஸ் பிறந்தான். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று பாஸ்போட் கிடைத்த கையோடு எல்லோரும் லண்டனுக்கு ஓடியபோது நாங்களும் ஓடி வந்தோம். லண்டனின் சட்டன் பகுதியில் வீடு. நான் வாசிங் மெஷின் திருத்துகிறேன். ஜெர்மன் மெஷின்களோடு ஜெர்மன் மொழியிலேயே பேசிப் பழகியவன் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. மனைவி றீற்றா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை, மற்ற ஞாயிறுகளில் யாருடைய மெஷினாவது.

டெனிஸ் வீட்டுக்குள் எங்களோடு தமிழ் பேசுவான். கோபம் வந்தால் ஆங்கிலம். பந்து கையில் இருக்கும்போது மட்டும் ஜெர்மனில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பான், அவனுக்குப் பந்து பிடிக்கப் பழக்கியது அந்த மொழி. அவன் வளர்ந்த வேகத்தைப் பார்த்து, மூன்று தோல்விக்கும் ஒரு பதில் என் வீட்டிலேயே வளர்கிறது என்று நான் நினைத்தேன். ஆனால் மூன்றோடு முடியவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் லண்டனில் நடந்தவை. அவற்றைச் சொல்லவே வெட்கம்.

இங்கே ஒவ்வொரு கோடையும் பழைய மாணவர் சங்கங்கள் கூடைப்பந்துப் போட்டி வைக்கின்றன. பழைய மாணவர்கள் விளையாடலாம், அவர்களுடைய பிள்ளைகள் விளையாடலாம். நான் டெனிஸைப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பச்சை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் வாங்கிலில் இருந்தான். ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. சங்கத் தலைவருடைய இரண்டு மகன்களும், செயலாளருடைய மூச்சு வாங்குகிற மருமகனும் ஓடினார்கள், தோற்றார்கள். கேட்டதற்கு, பெடியன் புதுசு, வருகிற வருடம் பார்ப்போம் என்றார் தலைவர். அந்த வருகிற வருடத்திலும் அதே வாங்கில், அதே தோல்வி. எங்கள் சங்கத்தில் தகுதி என்பது யார் யாருக்கு வாக்குப் போட்டார்கள் என்பதுதான்.

வீட்டுக்கு வருகிற வழியில் காரில் டெனிஸ் கேட்டான்: "அப்பா, இது உங்கடை ஸ்கூல். எனக்கு ஏன்?"

நான் அவனுக்கு வரலாறு சொன்னேன், மேசைக்காரர் தலையாட்டியதிலிருந்து சுற்றிவளைப்பு வரைக்கும். அவன் காதில் வயரை மாட்டிக்கொண்டான்.

4

பிறகு என் மச்சான் யூட் உள்ளே வந்தான். றீற்றாவின் தம்பி, பக்கத்தில் மோர்டனில் இருக்கிறான். நல்லவன், உதவிக்கு ஓடி வருகிறவன், ஆனால் எதிர்க் கல்லூரியில் படித்தவன். கலியாணம் பேசியபோது எல்லாம் விசாரித்தார்கள், இதை மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் போட்டி விதியில் ஒரு வரி இருக்கிறது: பழைய மாணவரின் சகோதரியுடைய மகனும் அணியில் சேரலாம். ஆட்கள் குறைவாக இருந்த காலத்தில் எல்லாச் சங்கமும் கைதூக்கிப் போட்ட விதி. தாய்மாமன் உறவைக் கூடைப்பந்துக்குள் கொண்டுவந்த இனம் உலகத்திலேயே எங்கள் இனமாகத்தான் இருக்கும். யூட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், உங்கடை ஆக்கள் பெடியனை வாங்கிலிலை வச்சுப் பழுதாக்கினம். தாய்மாமன் நான் இருக்கிறன், எங்கடை பக்கம் விடுங்கோ."

நான் முடியாது என்றேன். டெனிஸ் போகிறேன் என்றான். அடுத்த நாள் றீற்றா என் வீட்டு மெஷினில் அவர்களுடைய சிவப்பு ஜேர்சி ஒன்றைச் சுற்ற விட்டிருந்தாள். நானே திருத்தி எடுத்த மெஷின் அது.

போன கோடையில் போட்டி மோர்டனில். மண்டபம் எடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கவுன்சில் அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்றேன். எந்தப் பல்கலைக்கழகங்கள் என்று கேட்டாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம் என்று விளக்கினேன். அப்படியானால் விளையாடுகிறவர்கள் சிறுவர்களா என்றாள். இல்லை, சிலருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த விதமே மாறிவிட்டது.

அந்த மண்டபத்தில் நேரம் காட்டுகிற மின்பலகை ஒன்று உண்டு. நேரம் முடிந்தால் தானாகவே ஊளையிடும். அது வேலை செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் ஞாயிறு ஷிப்டில் இல்லையாம். பின்பக்கத்தில் ஒரு வயர் கழன்று கிடந்ததை நான் கண்ணால் கண்டேன், என் கருவிப் பை காரில் இருந்தது, தேநீர் ஆறுவதற்குள் பொருத்தியிருப்பேன். வெளியாள் தொட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்று காவலாளி குறுக்கே நின்றார். ஆகவே மேசையில் ஒருவர் கைக்கடிகாரத்தோடும் விசிலோடும் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு அந்தப் பழைய மேசைக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார்.

5

இறுதிப் போட்டி எங்களுக்கும் அவர்களுக்கும். நடுவர் ஒரு வெள்ளைக்காரர், எங்கள் சண்டைகள் தெரியாதவர் என்பதற்காகவே பிடித்து வந்தது. வீடியோ செல்வம் மூலையில் ஸ்ராண்ட் வைத்து, வெளிச்சம் போட்டு, கலியாண வீட்டு உடுப்போடு நின்றார். நான் பச்சைச் சேர்ட். பக்கத்துக் கதிரையில் றீற்றா, எந்த நிறமும் சொல்லாத சாம்பல் நிறச் சட்டையில்.

எங்கள் அணி அன்று உண்மையிலேயே நன்றாக விளையாடியது. தலைவருடைய மகன்களுக்குக் கால் பிடித்துக்கொண்டதால் விளையாடத் தெரிந்தவர்கள் உள்ளே வந்திருந்தார்கள். கடைசியில் ஒரு புள்ளி முன்னுக்கு. அதே ஒரு புள்ளி! அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பந்து டெனிஸின் கைக்குப் போனது. விசில் கேட்டது. பந்து கூடைக்குள் விழுந்தது. நடுவர் செல்லும் என்று கையைக் காட்டினார்.

நான் எப்படி மேசைக்குப் போனேன் என்று தெரியாது. செல்லாது, செல்லாது என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் சொன்னேன். விசிலுக்குப் பிறகுதான் எறிந்தான், என் இரண்டு கண்ணாலும் கண்டேன் என்றேன். யாரோ என் தோளைப் பிடித்து, உங்கள் பெடியன் போட்ட பந்துதானே, விட்டுவிடுங்கள் என்றார்கள். யார் போட்டாலும் பிழை பிழைதான் என்றேன். யூட் ஓடி வந்து, அத்தான், நான் கண்ணுக்கு முன்னால் வடிவாகப் பார்த்தேன், விசிலுக்கு முன்னுக்கே எறிந்துவிட்டான் என்று சத்தியம் பண்ணினான். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே மண்டபத்து நேரம் முடிந்தது என்று காவலாளி பாதி விளக்குகளை அணைத்துவிட்டார். அரையிருட்டில் கேடயம் குடுத்தார்கள், சிவப்பு ஜேர்சிகளுக்கு.

காரில் டெனிஸ் பின் இருக்கையில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீடியோ வரட்டும், தெரியும் என்று நான் சொன்னேன். சட்டன் வரும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன்.

6

வீடியோ வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். றீற்றா உடுப்புக் கூடையை முன்னால் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். டெனிஸை வந்து பார்க்கச் சொன்னேன். மாடிப்படியில் நின்றான், இறங்கி வந்து உட்காரவில்லை.

முதலில் ரோஜாப்பூக்கள் விழுந்தன. பிறகு ஒரு குத்துவிளக்கு சுற்றிச் சுற்றி வந்து வெடித்து, அதற்குள்ளிருந்து இரண்டு கல்லூரிகளின் பெயரும் தங்க எழுத்தில் வந்தன. பின்னணியில் நாதஸ்வரம். எடிற்றிங் என்று இத்தனை மாதம் அந்த மனிதர் செய்தது இதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பகுதிக்கு ஓட்டினேன்.

டெனிஸின் கைக்குப் பந்து வருகிறது. அவன் திரும்புகிறான். அந்த இடத்தில் காமரா மெல்ல, மிக அழகாகத் திரும்பி, பார்வையாளர் பக்கம் போய்விட்டது.

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. வீடியோ செல்வம் தன் வாழ்நாளில் எடுத்ததெல்லாம் கலியாணமும், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீடும். தாலி கட்டுகிற நேரத்தில் வந்தவர்களின் முகங்களைப் பிடிக்காவிட்டால் எங்கள் ஆட்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்; தங்கள் முகம் இல்லாத வீடியோ அவர்களுக்கு வீடியோவே இல்லை. விசில் ஊதப் போகிறது, எல்லோரும் எழும்பி நிற்கிறார்கள், இதுதான் தாலி கட்டுகிற நேரம் என்று மனிதர் முடிவு பண்ணிவிட்டார். முன் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக ஆறுதலாக, அவசரமில்லாமல் கொண்டுபோகிறார். யூட் வருகிறான், தரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயில் பாதி கடித்த றோல்ஸ். வடிவாகப் பார்த்தானாம்!

"பாத்தியோ உன்ரை மாமனை," என்றேன். ஆனால் காமரா நிற்கவில்லை. அடுத்து நாங்கள் வந்தோம்.

விசில் கேட்கிறது. றீற்றா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கதிரையை விட்டு எழும்பித் துள்ளுகிறாள். தேவாலயத்தில் பாட்டுக்குக்கூட வாயை முழுதாகத் திறக்காதவள் அவள்; எங்கள் கலியாண வீடியோவில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் பச்சைச் சேர்ட்டில் ஒருவன். அவன் தரையைப் பார்க்கவில்லை. தலை முழுதாக மறுபக்கம், மேசையைப் பார்த்தபடி, விசில் ஊதுகிறவருடைய வாயைப் பார்த்தபடி. சனம் கத்தின சத்தத்தில் கை நீட்டிக்கொண்டே பாய்ந்தான். அவ்வளவும் முடிந்த பிறகுதான் காமரா தரைக்குத் திரும்பியது. சிவப்புப் பெடியன்கள் டெனிஸைத் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் எங்கள் கதிரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

றீற்றா மடித்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். படியிலிருந்து டெனிஸ் சொன்னான், ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்:

"அப்பா, நீங்கள் பந்தைப் பாக்கவே இல்லை. என்னையும் பாக்கேல்லை."

விசில் காதில் கேட்டது, காது கண்ணை விட மோசமில்லை, எனக்கு எத்தனை வருட அனுபவம் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த மின்பலகையைப் பற்றி, காவலாளியைப் பற்றி, கவுன்சிலைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் நியாயம்தான். இப்போதும் சொல்கிறேன், அந்தக் காமராக்காரருக்கு இனி எங்கள் சமூகத்தில் ஒருவரும் வேலை குடுக்கக் கூடாது. ஆனால் என் பிள்ளை போட்ட பந்து எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருந்த இத்தனை சனத்தில் அதைப் பார்க்காத தகப்பன் நான் ஒருவன்தான். அது என்னைச் சுட்டது.

"எப்பிடிப் போட்டனி?" என்று கேட்டேன். "காட்டு பாப்பம்."

அவன் இறங்கி வந்து, சோபாவிலிருந்து ஒரு குசனை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனான். றீற்றா உடுப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்கூடையை ஜன்னலடிக்குத் தள்ளிவிட்டாள்.

"நீங்கள்தான் விசில்," என்றான் டெனிஸ்.

நான் இரண்டு விரலை வாயில் வைத்தேன். அவன் ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தான். முழங்கால் மடிந்தது, தோள் திரும்பியது, வலது கை எழும்பியது. இடது கை எவ்வளவு அமைதியாக நின்றது என்பதையும் அன்றுதான் கண்டேன். குசன் போனது. விளக்கின் தலையில் தட்டி, கூடை விளிம்பில் விழுந்து, யோசித்து, உள்ளே சரிந்தது. அதற்குப் பிறகுதான் ஊதினேன்.

டெனிஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். றீற்றாவும் பார்த்தாள்.

"இது செல்லும்," என்றேன். "அண்டைக்கு மண்டபத்திலை விழுந்ததைச் சொல்லேல்லை. இது."